வயரை உருவச் சொன்னவர்

பாளையங்கோட்டையில் வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கும் ஜாஸ்பருக்குத் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ஏழு மாதமாகச் சொல்லவில்லை. அக்கா கெசியா இறந்தது அவர் போனில் சொன்ன ஒரு வார்த்தையால்.

லாரி, பஸ், ஆம்புலன்ஸ் என்று இருபது வருடமாக வயர் பிடித்த கை அவருடையது. சமீப காலமாகக் கேம்பர் வேன்களும் வந்தன. பழைய வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து, போகிற ஊரில் அதிலேயே தங்கிக்கொள்வார்கள். கெசியாவும் அவள் கணவர் வேதமுத்துவும் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்படி ஒன்று வாங்கினார்கள். பிள்ளைகள் இல்லை. ஊர் சுற்ற ஆசை இருந்தது.

உள்வேலை முழுவதையும் ஜாஸ்பரே செய்தார். சமையல் கேஸ் கசிந்தால் கீழேதான் படியும் என்பதால், அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்தினார். அதை ஒட்டி, கட்டிலுக்கு அடியில், தண்ணீர் ஊற்றுகிற பழைய ரக பேட்டரிகள் இரண்டு. சார்ஜ் ஏறும்போது அவற்றிலிருந்தும் ஒரு வாயு வரும். அது வெளியே போக வண்டியின் அடியில் ஒரு குழாய் விட்டார்.

அலாரம் ரொம்பக் கூர்மையானது. "ஏலே, உங்க அத்தான் சென்ட் அடிச்சாக்கூட உன் பெட்டி அழுவுது. நாப்பது வருசத்துல நான்கூட அந்த சென்டுக்கு இவ்வளவு அழுததில்லை" என்று கெசியா போன் செய்து சிரிப்பாள்.

ஜனவரியில் முக்கூடல் பக்கத்து ஊர் ஒன்றில் கோயில் அசனம். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். வேனைக் கோயில் வளாகத்தில் நிறுத்தி, போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையிலிருந்து வயர் இழுத்து பேட்டரிக்குச் சார்ஜ் போட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். கிளம்புமுன் பிரயாண ஜெபம் செய்யாமல் அந்த வீட்டில் யாரும் வண்டியை எடுத்ததில்லை. வெளியே ஒலிபெருக்கி இரைந்தது. கதவையும் ஜன்னல்களையும் அடைத்துவிட்டு இருவரும் தலை குனிந்தபோது அலாரம் கத்தத் தொடங்கியது.

வேதமுத்து போன் செய்தார்.

"மாப்ள, ஜெபத்துக்கு விட மாட்டேங்குதே உன் பெட்டி. சிலிண்டரை மூடித்தான் வச்சிருக்கேன். கேஸ் வாடையும் இல்லை."

ஜாஸ்பர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார்.

"சார்ஜ் போட்டிருக்கீங்களா அத்தான்?"

"ஆமா, காலையில இருந்து."

"அதான். பேட்டரிக்குக் கத்துது, கேஸுக்கு இல்லை. அலாரத்தோட வயரை உருவிட்டு ஜெபத்தை முடிங்க. ஒண்ணும் ஆவாது."

காரணத்தை அவர் சரியாகத்தான் கண்டுபிடித்தார். பேட்டரி வாயுவும் சமையல் கேஸ் மாதிரியே பற்றிக்கொள்ளும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் வெளியே குழாய் விட்டிருக்கிறோமே என்ற தைரியம். குழாயின் வாயைச் சேறு அடைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. சார்ஜை நிறுத்துங்கள், கதவைத் திறங்கள், நெருப்புப் பற்ற வைக்காதீர்கள், இரண்டு பேரும் இறங்கி நில்லுங்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சொல்ல அரை நிமிடம் ஆகாது.

ஜெபம் முடிந்து, சார்ஜ் வயரைக் கழற்ற வேதமுத்து இறங்கி வெஸ்ட்ரிக்குப் போனார். வழிக்குக் காபி போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று கெசியா அடுப்பில் லைட்டரைத் தட்டினாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அவளை வெளியே இழுத்த வேதமுத்துவின் கைகள் இரண்டும் வெந்திருந்தன.

முப்பதாம் நாள் ஜெபம் ஜாஸ்பர் வீட்டில் நடந்தது. அம்மா ஞானசௌந்தரி அவரோடுதான் இருக்கிறாள். போதகர் ஐயர் பேசி முடித்ததும் எழுந்து சொல்லிவிடுவது என்று ஜாஸ்பர் முடிவு செய்திருந்தார். அவர் எழுவதற்குள் வேதமுத்து எழுந்துவிட்டார். கட்டுப் போட்ட கைகளை முன்னால் வைத்துக்கொண்டு, "அலாரம் கத்துச்சு. ஜெபத்துக்கு இடைஞ்சலா இருக்குன்னு நான்தான் வயரை உருவினேன். வேற யாரையும் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார். அம்மா மருமகனை ஏறிட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவரிடம் அவள் பேசவில்லை.

எல்லோரும் போன பின் ஜாஸ்பர் அவரைக் கிணற்றடியில் பிடித்தார்.

"நான் சொல்லித்தானே உருவினீங்க?"

"ஆமா."

"பின்ன ஏன் அத்தான் அப்படிச் சொன்னீங்க?"

"பைய பேசுலே. நான் வேத்து வீட்டு ஆளு. என்னைய வெறுத்துட்டு அத்தை இருந்துக்கிடுவா. உன்னைய வெறுத்தா, யாரு கையால கஞ்சி குடிப்பா?"

"என்னால முடியாது அத்தான்."

"முடியணும். கெசியா கடைசியா என்ன கேட்டா தெரியுமா? 'எனக்கு இப்படி ஆனதைத் தம்பிகிட்ட சொல்லிட்டியளா, அவன் பயந்துருவான்'னு கேட்டா. அவளுக்கு நான் வேற என்ன செய்ய முடியும், சொல்லு."

வேதமுத்து இப்போது சாத்தான்குளத்தில் தன் தம்பி வீட்டில் இருக்கிறார். மாதம் ஒரு முறை ஞானசௌந்தரியைப் பார்க்க வருவார். ஜாஸ்பரின் மனைவி கொடுக்கும் காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்கிக் குடிப்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் போன பிறகு, "என் பிள்ளையைத் தின்னுட்டு எந்த முகத்தோட வாரான்" என்றாள்.

ஜாஸ்பர் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். "அம்மா" என்று ஆரம்பித்தார்.

"என்னய்யா?"

அவள் வாயைத் திறந்து காத்திருந்தாள். அவர் ஒரு கரண்டி ஊட்டினார்.