நேர்கோட்டுக்கு ஆசைப்பட்டவள்

புகுந்த வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். மாமனாருக்கு இரண்டு சலவைக்கூடங்கள். விடுதிகளின் துணி வருவதைப் பெரிய மருமகளும், மருத்துவமனைத் துணி வருவதைச் சின்னவளும் நடத்தினார்கள். ஓரகத்திகள் இருவருக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஆகாது. ஒருத்தி நின்ற இடத்தில் மற்றவள் நிற்கமாட்டாள்.

எத்தனை கிலோ துணி வெளுத்தது என்று பெரியவள் மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுப்பாள். சின்னவள் வாராவாரம் கொடுப்பாள். மருத்துவமனைத் துணி ஒரு வாரம் மலையாகக் குவியும், மறுவாரம் கூடை நிறையாது. வாரக்கணக்கு இல்லாவிட்டால் அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போலிருக்கும்.

புதிதாக வாங்கும் உலர்த்தும் இயந்திரம் யாருக்கு என்று முடிவுசெய்ய, மாமனார் இரண்டு அறிக்கைகளையும் ஒரே படத்தில் கோடுகளாகப் போட்டுப் பார்த்தார். பெரியவளின் கோடு நூல் பிடித்தது போல் ஓடியது. சின்னவளுடையது ரம்பப் பல்.

"என்னம்மா இது? ஏறுது, விழுது. பொறுப்பா நடத்துற லட்சணமா?"

"மாமா, இது வாரம், அது மாசம். ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்கலாமா? அக்காவையும் வாராவாரம் எழுதச் சொல்லுங்க. அவங்களோடதும் இப்படித்தான் குதிக்கும்."

"என்னை வேவு பாக்க நீ யாருடி?" என்று பெரியவள் சீறினாள். "ஆடத் தெரியாம தரையைக் குறை சொல்றா."

மாமனார் கையை வீசிப் பேச்சை முடித்தார். இயந்திரம் பெரியவளுக்குப் போனது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சின்னவளின் கணவன் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "விட்டுத் தொலையேன்" என்றான்.

மறுநாள் கூடத்துக்குப் போனதும் குமாஸ்தாவைக் கூப்பிட்டாள். "இனிமே வாரக்கணக்கு எழுதாத, மாசத்துக்கு ஒரு தடவை மொத்தம் போட்டாப் போதும். அவருக்கு நேர்கோடுதானே வேணும்? வாங்கிக்கட்டும்."

அடுத்த சில மாதங்கள் அவள் கோடும் படிந்து ஓடியது. "இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்றார் மாமனார். பெரியவளின் முகம் சுருங்கியதைப் பார்த்துச் சின்னவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

பிறகு ஊரெங்கும் காய்ச்சல் பரவிய ஒரு மாதம் வந்தது. முதல் பாதியில் துணி வந்து கொட்டியது, பகலும் இரவும் வெளுத்தார்கள். பின்பாதியில் அவளுடைய பழைய உலர்த்தும் இயந்திரத்தின் சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பின்கட்டில் மூட்டைகள் தேங்கின. காய்ச்சல் நேரத்து மிச்சம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மாதக் கடைசியில் மொத்தத்தைக் கூட்டினால் வழக்கமான அளவு. முதல் பாதியின் உழைப்பு பின்பாதியின் ஓட்டையை மூடிவிட்டது. வாரம் வாரமாகப் பார்த்திருந்தால் அந்தச் சரிவு முகத்தில் அறைந்திருக்கும்.

சில நாளில் இயந்திரம் அடியோடு நின்றது. மருத்துவமனையின் தலைமைச் செவிலி நேரிலேயே வந்து நின்றாள்.

"நோயாளிங்க வெறும் மெத்தையில படுத்திருக்காங்க. உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

அந்த வாரமே மருத்துவமனை வேலை கைமாறியது, அதுவும் பெரியவளுக்கு. துணி வண்டிகளை எடுத்துப்போக அவளே வந்தாள்.

"கேட்டிருந்தா என் இயந்திரத்தைக் கொடுத்திருப்பேனே" என்று சிரித்தாள்.

"உன்கிட்ட கேக்குறதுக்கு இதை இழுத்து மூடிட்டுப் போயிருவேன். எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

சொன்னாளே தவிர மூடவில்லை. கணவனோடு சண்டை போட்டு, மாமனாரிடம் தன் கூடத்தைத் தனியாகப் பிரித்து வாங்கினாள். பழைய இயந்திரத்தைப் பழுதுபார்த்து, சின்னச் சின்ன மருந்தகங்களின் துணியைப் பிடித்து ஓட்டினாள். வாரக்கணக்கைத் தானே எழுதினாள், யாருக்கும் காட்டவில்லை.

பெரியவளின் மாமியார் வீட்டு உறவு அவளுக்கும் மாமியார் வீட்டு உறவுதான், விலக்க முடியாது. விசேஷங்களில் பந்தியில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால் சின்னவள் இலையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். மருத்துவமனைத் துணியைச் சமாளிக்க முடியாமல் பெரியவள் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் சின்னவள் தொலைபேசியை வைத்துவிட்டு, அடுத்த மூட்டையைப் பிரிக்கச் சொன்னாள்.