காசிம் தாத்தாவின் வாப்பா ஏறிய கப்பல்

பள்ளிப் பேருந்து துபாயின் தேராப் பகுதிக்குள் திரும்பியபோது அம்மாவின் செய்தி வந்தது: “காசிம் தாத்தா தவறிட்டாங்க. நேரா வீட்டுக்கு வா.” அவர் கையெழுத்திட வேண்டிய கடிதம் என் பையில் இருந்தது.

எங்கள் கட்டடத்தின் கீழே மசாலாக் கடை வைத்திருந்தவர் அவர். எண்பதைக் கடந்தும் தமிழ், உருது, அரபி மூன்றிலும் வாடிக்கையாளர்களை வம்புக்கிழுப்பார். நான் படித்தபடியே நடந்து வந்தால், “வழி விடுங்கப்பா, புத்தகம் ஒண்ணு நடந்து வருது” என்பார்.

சென்ற ஆண்டு ஒரு பழைய தாளை என்னிடம் நீட்டினார். அதில் ஒரு கப்பலின் பெயர் இருந்தது. போர்க்காலத்தில், அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது, அவரைப் பெற்ற வாப்பா மீராசா அதில் கரி அள்ளும் வேலைக்குப் போனார். திரும்பவே இல்லை.

“‘உங்க வாப்பா எந்தத் துறைமுகத்துல மாப்பிள்ளையா இருக்காரோ’ண்டு ஊர்ல கேலி பண்ணுவானுவ. மவுத்தாயிட்டாரா, உசிரோட இருக்காராண்டு தெரியாம எப்படிம்மா அல்லாட்ட அவருக்கு மன்னிப்புக் கேட்டு துஆ செய்யிறது?” என்றார்.

இணையத்தில் தேடினேன். கோதுமை ஏற்றுவதற்காகக் கட்டிய கப்பல் அது. போர் வந்ததும் சாம்பல் நிறம் பூசி, பின்புறம் ஒரு பீரங்கி பொருத்தி, கடற்படைக்கு நிலக்கரியும் வெடிகுண்டும் சுமக்க விட்டார்கள். ஓமான் கடலில் நீர்மூழ்கி ஒன்று அதை மூழ்கடித்தது.

“இந்தக் கடல்லயா? நாப்பது வருசமா பக்கத்துலயே இருந்திருக்கேனே.”

ஆவணக் காப்பகம் ஒன்று வெளியிட்டிருந்த இறந்தவர் பட்டியலில் மீராசா இல்லை. “அப்ப ஊர் சொன்னது நெசந்தானா?” என்றார். நான் விடாமல் மறுபடி படித்தேன். அவருடைய ஊரின் பெயர் ஓரிடத்தில் இருந்தது. “காசிம் மகன் இபுராகிம்! உங்க தாத்தா பேரைத்தானே உங்களுக்கு வச்சாங்க?” என்று கத்தினேன்.

அவர் சிரித்தார். “அது எங்க சாச்சா, வாப்பாவோட தம்பி. அவங்க கபுருக்கு நாந்தான் மண்ணு போட்டேன்.”

பிறகு சிரிப்பு நின்றது. கப்பலில் வேலை செய்ய அனுமதிக்கும் ‘கப்பல் புத்தகம்’ இல்லாத ஆளை ஏற்ற மாட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே புத்தகத்தில் மாறி மாறிப் போவது அந்த ஊரில் வழக்கமாம். தம்பி போக வேண்டிய முறைக்கு, தம்பி பெயரிலிருந்த புத்தகத்தோடு அண்ணன் போயிருக்கிறார்.

“சாச்சாதான் என்ன வளத்தாங்க. பெருநாளைக்கு எனக்கு மட்டும் ரெண்டு சட்டை எடுப்பாங்க. ஏன்னு கேட்டா பேசவே மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலிருந்து வந்தவர், “இன்னிக்குத்தான் வாப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டேன்” என்றார். பெயரைத் திருத்தச் சொல்லி ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பல மாதம் அவர் கையெழுத்திடவில்லை. “சாச்சா வாயத் தொறக்காமப் போனாங்க. நான் தொறக்கணுமா?” என்பார். போன வாரம்தான் இசைந்தார். “சாச்சா பேர அழிக்கச் சொல்லாத. பக்கத்துல வாப்பா பேரையும் போடச் சொல்லு.”

ஒரு வரி சேர்த்து அச்செடுக்க வேண்டியதுதான் பாக்கி. தேர்வு என்று இரண்டு நாள் தள்ளி, இன்றுதான் பள்ளியில் அச்செடுத்தேன்.

பேருந்திலிருந்து இறங்கிக் கடைக்குப் போனேன். தராசுத் தட்டில் அவருடைய கண்ணாடியும் ஒரு பேனாவும் இருந்தன. “நீ வருவேண்டு காலையிலேயே எடுத்து வச்சாரும்மா” என்றார் அவர் மகள்.

போய் வாருங்கள், தாத்தா. உங்கள் வாப்பா உங்களைப் பார்த்ததே இல்லை. உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அது அவருடைய வாப்பாவின் பெயர், அறிந்துகொள்வார்.