இறங்கிய கோடு

குழந்தையின் எடையை மாதம் ஒருமுறை எக்செல்லில் பதிவேன். அன்று அதை வரைபடமாக்கியதும் கோடு நேராகக் கீழே இறங்கியது. எட்டிப் பார்த்த மாமியார், "உன் பால் போராது, நான் அப்பவே சொன்னதாக்கும்" என்றார். கழக்கூட்டத்து ஐ.டி. ஆபீசில் நாள் முழுக்க இதே ஷீட்டோடு இருக்கும் கணவர், மறுபேச்சில்லாமல் பால்பொடி வாங்கச் செருப்பை மாட்டினார்.

நானும் நம்பிவிட்டேன். பிறகுதான் வரைபடத்தில் இன்னும் வராத ஆகஸ்ட் கண்ணில் பட்டது. தேதிக்குப் பின் மாதம் போட்டிருந்தேன். ஷீட் மாற்றிப் படித்து, மே எட்டை ஆகஸ்ட் ஐந்தாக்கி, ஜூலை நாலை ஏப்ரல் ஏழாக்கியிருந்தது. முதல் எடை கடைசிக்கும் கடைசி எடை முதலுக்கும் போயிருந்தது. குழந்தை கனத்துக்கொண்டுதான் இருந்தாள்.

சொன்னதும் கணவர் வாசலிலிருந்து, "அப்போ பொடி வேண்டாமா?" என்றார்.

"இடுப்புல தூக்கிப் பார்த்தா தெரியாதா? அதை உங்கம்மாகிட்ட சொல்லிட்டுச் செருப்பைக் கழட்டுங்கோ!" என்று கத்தினேன்.