பழைய சர்வரில் போட்ட டோக்கன்

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. அப்போது நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். ஊர் மாவட்டத் தலைநகரான பிறகு நகைக்கடை, அரிசி மண்டி, கல்யாண மண்டபம் என்று ஆளாளுக்கு வெப்சைட் கேட்டார்கள். அதைச் செய்து கொடுத்துப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கடைக்காரர்கள். அத்தாவுக்குக் கடைவீதியில் செருப்புக் கடை. கல்லாவில் உட்காராமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான்.

அந்த வெப்சைட்டுகள் எல்லாம் அதுவரை முகம் தெரியாத பலரோடு பங்கு போட்டுக்கொண்ட ஒரு வாடகை சர்வரில் இருந்தன. அது அடிக்கடி படுத்துக்கொள்ளும். அதனால் எங்களுக்கென்றே தனி சர்வர் ஒன்றை முதலாளி எடுத்தார். சர்வர் மாறினால் ஐ.பி. முகவரியும் மாறும். வெப்சைட்டின் பெயர் கடையின் பெயர்ப்பலகை என்றால், ஐ.பி. என்பது கதவு எண். கடை வேறு கதவுக்குப் போய்விட்டது என்ற செய்தி எல்லா போன் கம்பெனிகளுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. சில கம்பெனிகளுக்கு உடனே தெரியும், சிலவற்றுக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை அந்த போன்கள் பழைய கதவைத்தான் போய்த் தட்டும்.

இதில் எனக்குக் கவலை தந்தது ஒரே ஒரு வெப்சைட். கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. வெளியூரிலிருந்து ஸ்கேன் டாக்டர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் அங்கே வருவார். கர்ப்பிணிகள் வெப்சைட்டில் டோக்கன் போட்டுவிட்டு வர வேண்டும். மற்ற வெப்சைட்டுகள் பார்த்துவிட்டுப் போவதற்கு. இதில் ஆட்கள் பெயரைப் பதிந்துவிட்டுப் போகிறார்கள். பழைய சர்வரில் பாதிப் பெயர், புதியதில் பாதிப் பெயர் என்று விழுந்தால் என்ன ஆகும்?

அதனால் மாற்றுகிற அன்று பழைய சர்வரில் டோக்கன் பக்கத்தை மூடிவிட்டு, 'போனில் பதிவு செய்யுங்கள்' என்று ஒரு வரி போடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அத்தா கடை மாற்றியபோது பழைய ஷட்டரை இழுத்துப் பூட்டி, புது விலாசத்தை அதன் மேல் ஒட்டிவிட்டுத்தான் வந்தார். பழைய கடையைத் திறந்துபோட்டு, அங்கேயும் ஓர் ஆள் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பதை எந்த வியாபாரியாவது செய்வாரா? கல்வராயன் மலையில் பல ஊர்களில் ஒரே ஒரு கம்பெனியின் டவர்தான் எடுக்கிறது, அந்தக் கம்பெனியில் மாற்றம் மெதுவாகத்தான் தெரியும் என்பதையும் சொன்னேன்.

மூடினால் மருத்துவமனைக்காரர் கத்துவார், இரண்டும் ஓடட்டும் என்றார் முதலாளி. அதோடு விட்டாரா? "மலைலேர்ந்து யாரு ஆன்லைன்ல டோக்கன் போடப் போறாங்க? நீ வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தேன். வெப்சைட்டுகள் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் புது சர்வருக்குப் போய்ச் சேர்ந்தன. ஸ்கேன் நாள் காலையில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. யாரோ போலி டோக்கன் விடுகிறார்கள், உங்கள் வெப்சைட்டில் எவனோ புகுந்துவிட்டான் என்று ஒரே கூச்சல். போய்ப் பார்த்துவிட்டு வா என்று முதலாளி என்னைத்தான் அனுப்பினார். டவுன் பஸ் பிடித்துப் போனேன்.

உள்ளே நாற்காலிகளில், மலைக்குக் கீழே உள்ள கீழ்நாட்டு ஊர்களின் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மலையிலிருந்து வந்த நான்கைந்து கர்ப்பிணிகள் வெளியே, சாரல் அடிக்கிற படிக்கட்டில் நின்றிருந்தார்கள். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை, கையில் குடை இல்லை. போன் மட்டும் இருந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்.

"காலைலேர்ந்து இதே ரோதனை மேடம். லிஸ்ட்டுல பேரே இல்ல. யாரோ போன்ல எடிட் பண்ணிக் குடுத்துருக்காங்க. இங்க வந்து நின்னுகினு நெஜ டோக்கன்னு சாதிக்கறாங்க."

எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னார். படியில் நின்றவர்களில் ஒரு பெண்ணுக்கு எட்டு மாதம். கணவர் காபித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார். மாமியாரோடு முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறார். வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருக்கிற தண்ணீர் கம்மியாக இருக்கிற மாதிரி தெரிகிறது, உடனே ஸ்கேன் பாருங்கள் என்று ஊருக்கு வந்த நர்ஸ் சொன்னாராம். அந்த வயிற்றோடு, டவர் எடுக்கிற பாறை வரைக்கும் ஏறிப் போய் டோக்கன் போட்டிருக்கிறார். அவரைத்தான் அடுத்த வாரம் ஒழுங்காகப் பதிந்துவிட்டு வா என்று வெளியே அனுப்பியிருந்தார்கள்.

போனை வாங்கிப் பார்த்தேன். ஏழாம் நம்பர். உள்ளே உட்கார்ந்திருந்த, பக்கத்து ஊரான வடக்கனந்தல் பெண்ணிடமும் ஏழாம் நம்பர். ஒன்று பழைய சர்வர் கொடுத்தது, ஒன்று புதியது கொடுத்தது. இரண்டுமே நிஜம்; ரிசப்ஷன் லிஸ்ட் மட்டும் புது சர்வரிலிருந்து எடுத்தது. நான் பயந்தது அப்படியே நடந்திருந்தது. முதலாளிக்கு போன் போட்டேன். கேட்டவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"மலைல டவர் இல்ல, அதான் சரியா பதிவாகலன்னு சொல்லிட்டு வந்துரு. சர்வரு, ஐ.பி.ன்னு இன்னாத்துக்கு வாயக் குடுக்கற?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மழையில் நிற்கிறவர்கள் தலையிலேயே இதையும் கட்டிவிடலாம், ஏன் என்று கேட்க யாரும் இல்லை என்கிற தைரியம்தானே அது? அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். ரிசப்ஷன் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, பழைய சர்வருக்குள் போனேன். எல்லாப் பெயர்களும் அங்கே இருந்தன. ரிசப்ஷன் பெண் எவ்வளவு சத்தமாகப் பேசினாரோ, அதே சத்தத்தில் நானும் பேசினேன்.

"இவங்க போட்ட டோக்கன் எல்லாம் நெஜம். தப்பு பண்ணது எங்க கம்பெனி."

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னதும், மலையிலிருந்து வந்தவர்களை முதலில் உள்ளே அனுப்பச் சொன்னார். அந்த எட்டு மாதக் கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு அவர் முகம் மாறியது. அடுத்த வாரம் வரை விட்டிருந்தால் குழந்தை தங்கியிருக்காது என்றார். மருத்துவமனை வேனிலேயே கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அன்றே ஆபரேஷன். தாயும் பெண் குழந்தையும் நலம் என்று பிறகு மாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று அப்போதுதான் மூச்சு விட்டேன்.

ஆனால் என்னால் மறக்க முடியாதது இதுவல்ல. வேனில் ஏறுவதற்கு முன் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நான் பொய் சொல்லலன்னு அந்தப் பொண்ணுகிட்ட இன்னொரு வாட்டி சொல்லிடும்மா. நாளைக்கும் நாங்க இங்கதான வரணும்."

சொல்லத்தான் உள்ளே போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே ரிசப்ஷன் பெண் எழுந்து நின்றார். உங்களிடம் சத்தமாகப் பேசிவிட்டேன், ஸாரி மேடம் என்றார். என்னிடம்! ஸாரியை என்னிடம் ஏன் சொல்கிறீர்கள், வேன் இன்னும் கிளம்பவில்லை, அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவர் வெளியே மழையைப் பார்த்தார்.

"அவங்கல்லாம் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாங்க மேடம்."

வேன் போய்விட்டது. முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கம்பெனி மானத்தை வாங்கிவிட்டேனாம். கொஞ்ச நாளில் அந்த வேலையை விட்டுவிட்டு, இப்போது தனியாகச் செய்கிறேன். எந்த வெப்சைட்டை வேறு ஐ.பி.க்கு மாற்றினாலும் முதலில் பழைய கதவைப் பூட்டுகிறேன்; யார் கத்தினாலும் கவலைப்படுவதில்லை.

ஆனால் அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை; ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லப்பட்ட அந்தப் பெண், குழந்தை பிழைக்குமா என்று தெரியாமல் வேனில் ஏறிய நேரத்திலும், தன்னைப் பொய்க்காரி என்று சொன்னதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தார்!