ஆட்சி மாறிய அன்று அடித்த மொட்டை

சாமியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தே இதை எழுதாமல் பல வருஷம் தள்ளிப்போட்டேன். நான் அதிகம் படித்தவனில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. சூடம், தேங்காய், எலுமிச்சம்பழம் விற்பேன். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வந்து கடையில் கொடி கட்டச் சொன்னார். "சாமிப் படத்துக்குப் பக்கத்துல கட்சிக்கொடி வேணாங்க" என்றேன். அடுத்த பௌர்ணமிக்குள் கடையைப் பிரித்துப் போட்டார்கள். அந்த இடத்தில் அவருடைய மச்சான் உட்கார்ந்துவிட்டான்.

தேர்தல் வந்தது. "அண்ணாமலையாரே, இந்த ஆட்சி மாறினா மொட்டை போடறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மாறியது. ரேடியோவில் கேட்ட கையோடு மொட்டை அடித்து, குளித்து, சந்தனம் பூசி, ஜெயித்த கட்சியின் ஆபீசுக்குப் போனேன். கடை இடத்தைத் திரும்பக் கேட்கத்தான்.

எங்கள் ஊரில் தேர்தல் பந்தயம் கட்டித் தோற்றவனும் மொட்டைதான் அடிப்பான். அது எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

"என்னா பெரியவரே, பந்தயத்துல போச்சா?" என்றார் அங்கிருந்த தலைவர்.

"இல்லீங்க, நீங்க ஜெயிச்சதுக்கு வேண்டுதலுங்க."

"காலையிலேர்ந்து வர்ற மொட்டையெல்லாம் வேண்டுதல்னுதான்யா சொல்லுது." எல்லோரும் சிரித்தார்கள்.

உள்ளே லட்டுத் தட்டோடு நின்றது அதே மச்சான். படிய வாரிய தலை, ஜெயித்த கட்சியின் கரை போட்ட புது வேட்டி. "நம்ம பக்கத்துக் கடைக்காரர்தாங்க. பாவம், அந்தக் கட்சிமேல உசுரு" என்று சொல்லி என் கையில் ஒரு லட்டை வைத்தான். நான் பேச வாயெடுப்பதற்குள் தலைவர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி லட்டை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு, "ஆட்சி மாறணும்னுதான வேண்டிக்கிட்டீங்க, மாறிடுச்சு. கடைய நீங்க கேக்கவேயில்லையே" என்றாள்.

முடி வளர்ந்துவிட்டது. அதற்கப்புறம் ஆட்சிகளும் மாறின. கடை மட்டும் அவனிடமே இருக்கிறது. இன்றும் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறேன். சூடத்தை வீட்டிலிருந்தே மடியில் கட்டிக்கொண்டு போகிறேன். அந்தக் கடை வந்தால் மலைப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இதை யாரிடமாவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். அந்த மச்சானை இன்னும் கெட்டவனாக்க வேண்டாம். சாமி கண் திறந்தார், கடை கிடைத்தது என்றும் முடிக்க வேண்டாம். கிடைக்கவில்லை.