ஒயில் குடித்த வீட்டு பஸ்

எஞ்சின் விஷயத்தில் என்னை ஏய்க்கக்கூடியவன் வன்னியில் இன்னும் பிறக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வவுனியாவில் ஒரு கராஜில், முதலாளியிடம் ஸ்பானரால் முதுகில் வாங்கி வாங்கித் தொழில் பழகினேன். யுத்தத் தடையால் டீசல் கண்ணிலும் காணாத காலத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி லொறி ஓட வைத்தேன். படித்த மெக்கானிக்மார் கைவிட்ட எஞ்சின்கள் என்னிடம் வந்து உயிர் பெற்றிருக்கின்றன. இன்றைக்கு ஒட்டுசுட்டானில் றோட்டோரமாக எனக்கென்று சொந்தக் கராஜ் இருக்கிறது. இப்படிப்பட்ட நான் ஒருவனைக் கள்ளன் என்று நினைத்து அடித்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு வைகாசி மாதத்துக் காலை, பழைய சுற்றுலா பஸ் ஒன்று என் வாசலில் வந்து நின்றது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அதை வாங்கி, சீற்றுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே கட்டில், குசினி, குளிக்கிற அறை எல்லாம் செய்து வைத்திருந்தார். மனைவியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறாராம். இரவில் படுக்கையும் அதற்குள்தானாம். சாரதிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மலையகத்திலிருந்து வந்து பூவரசங்குளத்தில் குடியேறிய குடும்பத்து ஆள்.

பஸ்ஸின் வருத்தம் இதுதான்: எஞ்சினில் ஒயில் நிற்பதில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு லீற்றர் ஊற்ற வேண்டியிருக்கிறது. நிலத்தில் ஒரு துளி ஒழுக்கும் இல்லை. அப்படியானால் ஒயில் எங்கே போகிறது? பஸ் முதலாளியிடம் பதில் ஆயத்தமாக இருந்தது. ஒயில் பார்ப்பதும் ஊற்றுவதும் சாரதி. ஆகவே வாங்கிக் கொடுக்கிற ஒயிலை அவன் வழியில் விற்கிறான்.

"அண்ணை, இவன் என்னைப் பேயனாக்கிறான்" என்றார். சொல்லி முடிக்கவில்லை, கையிலிருந்த வெறும் ஒயில் கானால் சாரதியின் முகத்தில் ஓங்கி அடித்தார். கானின் விளிம்பு பட்டு உதடு கிழிந்தது. எதிர்த் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். சாரதி இரத்தத்தைத் துப்பிவிட்டு, தான் எடுக்கவில்லை என்று மட்டும் சொன்னான்.

நான் முதலில் எஞ்சினைப் பார்த்தேன். பஸ்ஸுக்குக் கீழே படுத்துத் தடவினேன், காய்ந்து கிடந்தது. றேடியேற்றர் மூடியைத் திறந்தேன். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி உள்ளங்கையை வைத்தேன். பிஸ்டன் றிங் தேய்ந்திருந்தால் அங்கே மூச்சு குபுகுபுவென்று அடிக்கும். அடிக்கவில்லை. புகையும் இல்லை.

சாரதி பக்கத்தில் வந்து, "ஏத்தத்துல போறப்ப நீலமா பொக வருதுங்க ஐயா" என்றான்.

றிங் நல்லது, நீலப் புகை எப்படி வரும்? எனக்குத் தொழில் சொல்லித் தருகிறான் என்று கோபம் ஏறியது. எஞ்சின் குடிக்கவில்லை, ஒழுகவில்லை என்றால் மிஞ்சி இருப்பது மனிதன்தானே. அது அப்போது பெரிய கணக்காகத் தெரிந்தது.

"உண்மையைச் சொல்லடா" என்று பிடரியில் பிடித்து இழுத்து, கன்னத்தில் அறைந்தேன். என் கை நாற்பது வருடம் நட்டுகள் கழற்றிய கை. அவன் பஸ்ஸின் பக்கத்தகட்டில் மோதி முழங்காலில் விழுந்தான்.

"எம் புள்ள மேல சத்தியமா எடுக்கலங்க" என்றான். நான் இரண்டாம் முறையும் அறைந்தேன்.

பிறகு எஞ்சினைக் கடைசியாக ஒருமுறை முறுக்கிப் பார்ப்போம் என்று ஏறி, அக்சிலேற்றரை அடிவரை மிதித்தேன். பின்னால் நீலப் புகை குடம் குடமாக வந்து றோட்டை மூடியது. காலை எடுத்தேன். சத்தம் குறையவில்லை, ஏறியது. சாவியைத் திருப்பி இழுத்தேன். நிற்கவில்லை. எஞ்சின் டீசலை விட்டுவிட்டுத் தன் சொந்த ஒயிலை உறிஞ்சி ஓடத் தொடங்கிவிட்டது. அந்த நிலையில் சாவிக்கும் அது பணியாது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். இல்லாவிட்டால் இரும்பு வெடித்து, எதிரே நிற்கிறவனின் நெஞ்சில் பாயும்.

பஸ் முழுக்க நடுங்கியது. உள்ளே குசினியில் கோப்பைகள் விழுந்து நொறுங்கின. முதலாளியின் மனைவி அதற்குள் இருந்தா. கட்டிலோரத்து அலுமாரி சரிந்து கதவை அடைத்துக்கொண்டதால் அவாவால் வெளியே வர முடியவில்லை. அவாவின் கத்தல் எஞ்சின் சத்தத்துக்குள் அமிழ்ந்து போனது. முதலாளி றோட்டுக்கு ஓடிவிட்டார். நான் எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயின் வடிகட்டியைக் கழற்றி எறிந்து, ஈரச் சாக்கைக் குழாய் வாயில் திணித்தேன். ஒரு இழுவையில் சாக்கு உள்ளே போய் நாராகியது. என் இரண்டு விரல் நகங்களும் அதோடு போயின.

அப்போது என்னைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு சாரதி வந்தான். பஸ்ஸின் அடிப்பெட்டியிலிருந்து உருவிய தடித்த பலகை ஒன்று அவன் கையில் இருந்தது. அதைக் குழாய் வாயில் வைத்து, நெஞ்சைக் கொடுத்து அழுத்தினான். எஞ்சின் இழுத்தது, திக்கியது, இரண்டு தரம் உதைத்தது. அதோடு செத்துப் போனது.

புகை கலைய வெகுநேரம் சென்றது. குழாயின் உள்பக்கம் முழுக்க ஒயில் வழிந்தது. ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தேன். அவ்வளவு எரிந்த பிறகும் மேல் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறி நின்றது. ஒயில் குறைந்த எஞ்சின் அல்ல. அளவுக்கு மிஞ்சி ஊட்டிய எஞ்சின். மிஞ்சின ஒயிலைச் சுழற்றி அடித்துக் காற்றுக் குழாய்க்குள் தள்ளி எரித்திருக்கிறது.

எப்போது ஊற்றினாய் என்று கேட்டேன். முத்தையன்கட்டில் இரண்டு இரவு தங்கினார்களாம். இரண்டு விடியலிலும் கம்பியின் நுனிதான் நனைந்திருந்ததாம். இரண்டு தரமும் ஊற்றினானாம்.

அப்போதுதான் அந்தப் பலகை என் கண்ணில் பட்டது. பஸ்ஸில் அது எதற்கு?

கதவை உடைத்து நாங்கள் வெளியே எடுத்திருந்த முதலாளியின் மனைவிதான் பதில் சொன்னா. கட்டிலில் தலைமாடு பஸ்ஸின் முன்பக்கம். வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது என்பதால் எங்கே நின்றாலும் பஸ் கிழக்குப் பார்க்க வேண்டும். தலை தாழ்ந்தால் அவாவுக்கு நெஞ்செரிவு வரும் என்பதால் முன் சில்லுகள் இரண்டையும் பலகையில் ஏற்றி விட வேண்டும்.

ஜக் வைத்து முன்பக்கத்தைத் தூக்கிச் சில்லுகளுக்குக் கீழே பலகைகளைக் கொடுத்தேன். கொஞ்சம் பொறுத்துக் கம்பியை இழுத்தேன். நுனி மட்டும் ஈரம். பஸ்ஸை இறக்கிச் சமநிலத்தில் விட்டு மறுபடி இழுத்தேன். மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல். மூக்கை உயர்த்தி நிறுத்தினால் ஒயில் பின்னுக்கு ஓடிவிடும்; முன்பக்கம் இருக்கிற கம்பி காய்ந்து நிற்கும். இவர்கள் கிழக்கே தலை வைத்து உறங்க, இவன் விடியலில் பொய் சொல்லுகிற கம்பியை நம்பி ஊற்றியிருக்கிறான்.

முதலாளியும் பார்த்தார். கடையில் நின்றவர்களும் கிட்ட வந்து பார்த்தார்கள்.

சாரதி முகத்தைக் கழுவவில்லை. முதலாளிக்கு முன்னால் போய் நின்றான். "இப்ப சொல்லுங்க மொதலாளி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு. ஏறு, போவம்."

அவன் மூடிய கையால் அடித்தான். முதலாளி ஒயில் ஊறிய மண்ணில் மல்லாந்து விழுந்தார். யாரும் தூக்கப் போகவில்லை, மனைவி உட்பட.

பிறகு என் பக்கம் திரும்பினான். நான் முந்திக்கொண்டேன். கடைக்கும் கேட்க, "இவர் கள்ளன் இல்லை. பிழை என்ரை. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் கை நீட்டினது நான்தான்" என்று சொன்னேன். சொல்லிவிட்டால் அடிக்கமாட்டான் என்று நினைத்தேன். அதுவும் பிழை. அவன் ஒரு தரம் அறைந்தான். கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டது. நான் திருப்பி அடிக்கவில்லை. அந்த வயதிலும் அவனைத் தூக்கி எறிகிற பலம் எனக்கு இருந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

பஸ்ஸுக்குள் இருந்த தன் பையை எடுத்துக்கொண்டு, வவுனியா பஸ் எத்தனை மணிக்கு என்று கடைக்காரரிடம் கேட்டான், என்னிடம் அல்ல. நான் சட்டியை வைத்து மிஞ்சின ஒயிலைக் கீழே இறக்கத் தொடங்கினேன். அது முடிவதற்குள் அவன் போய்விட்டான்.