தாய் கூட வந்தால் போதும்

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை சன்பெட் என்ற வெளிச்சக் கட்டிலில் படுக்கவிடக் கூடாது என்று, நாங்கள் வந்து குடியேறிய இந்த வெள்ளைக்கார நாட்டில் சட்டம் வந்தபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் அதைக் கேட்ட அன்று எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் பிளேஸ்டோவில் இருந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. இடப்பக்கக் கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. நோவில்லை, கடியில்லை. அம்மா அதைக் கண்ட நாளிலிருந்து எங்கள் வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. "தேமல்தான், தேமல்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, என் தலைமயிரை இடப்பக்கமாக இழுத்துப் பின்னிவிடுவார். "ஆரும் கண்டால் உன்ரை கலியாணம் அவ்வளவுதான்." எனக்குக் கணக்குப் பரீட்சைதான் கவலை.

டொக்டரிடம் போவோம் என்றேன். எங்கள் டொக்டர் தமிழர். அவருடைய மனைவி வெள்ளிக்கிழமைகளில் மனோர் பார்க் கோயிலுக்கு வருவார். "அங்கை போறதும் ஒண்டு, கோயில் மைக்கிலை சொல்லுறதும் ஒண்டு" என்றார் அம்மா. டொக்டருக்குத் தமிழ் தெரியும் என்பது எங்களுக்கு வியாதியைவிடப் பயம். வேறு ஆட்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் ஆட்கள் சிரிக்க மாட்டார்கள்.

அம்மா வேலை செய்த லோண்டரியில் ஒரு வெள்ளைக்காரி, சன்பெட்டில் படுத்துக் கறுத்த கையை எல்லோருக்கும் நீட்டிக் காட்டினாளாம். அன்று பின்னேரம் அம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"வெள்ளைத் தோலைக் கறுப்பாக்கிற மெஷின் இருக்குது, பிள்ளை. அப்ப உன்ரை வெள்ளையையும் கறுப்பாக்கும்தானே?"

என்ன நியாயம், பாருங்கள்! வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய் என்று என்னைக் கத்திக் கத்தி வளர்த்ததும் இதே வாய்தான்.

நகரத்தின் மறுபக்கத்தில் இருந்த எட்மண்டனுக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் இல்லை. ஒரு சலூனின் பின்னறையில் சன்பெட் இருந்தது. பள்ளிச் சப்பாத்தோடு நின்ற என்னையும் அம்மாவையும் கவுண்டரில் இருந்தவள் மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு இந்த நிறம் ஏற்கெனவே இருக்கிறதே, செல்லம்!" என்று சிரித்தாள். வயதைக் கேட்கவில்லை. பிள்ளைகள் பெற்றோருடன் வர வேண்டும் என்று மட்டும் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. பிள்ளைகளுக்கு ஒரு கட்டுப்பாடு இருப்பது தெரிந்தாலாவது அம்மா பயந்து திரும்பிவிடுவார் என்று நினைத்து, அதை வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"அதுதான் நான் நிக்கிறனே" என்றார்.

உள்ளே படுத்துக்கொண்டு, "அம்மா, எரியுது" என்று கத்தினேன்.

"எரிஞ்சால்தான் பிடிக்கும். பேசாமல் கிட."

சிவந்தது அடங்குவதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிடும். மறுபடியும் எட்மண்டன். என் நல்ல தோல் சொன்ன சொல் கேட்டுக் கறுத்தது. அந்தத் திட்டுக்கு எரிய மட்டும்தான் தெரிந்தது. சுற்றிக் கறுப்பு, நடுவில் முன்னைவிடப் பளிச்சென்ற வெள்ளை, அதன்மேல் கொப்பளம். இப்போது அது தெருவின் மறுகரையில் நின்றாலும் தெரிந்தது.

கொப்பளம் உடைந்து சீழ் வைத்த பிறகுதான் டொக்டரிடம் போனோம். அதே தமிழ் டொக்டர்.

"இதுக்கு ஆஸ்பத்திரியிலை அளந்து வெளிச்சம் குடுப்பினம். ஏன் முதலே வரேல்லை?" என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "இனி இந்தத் தழும்பிலை நிறம் வாறது கஷ்டம்."

அந்த மனிதர் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. கோயிலில் இன்றுவரை ஒரு குஞ்சுக்கும் தெரியாது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

சட்டம் வந்த செய்தியை அம்மாவும் நானும் ஒன்றாக இருந்துதான் டிவியில் பார்த்தோம். தாய் கூட வந்தாலும் விடக் கூடாதாம் என்று சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார்.

"நல்ல சட்டம். சீ, என்ன தாய்மார்! பெத்த பிள்ளையைக் கொண்டுபோய்ப் பொசுக்கிறதே?"

என்னால் பொறுக்க ஏலவில்லை. கழுத்தில் சுற்றியிருந்த சால்வையைக் கழற்றி எறிந்துவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன். அம்மா தழும்பைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் யன்னல் திரையை இழுத்து மூடினார்.

"கழுத்தை மூடு, பிள்ளை. ஆரும் காணப்போகினம்."